பெயரை மாத்தியாச்சு, அப்புறம்?

எபிசோடுக்குள் போவதற்கு முன்னால் மூன்று பெயர்கள் சொல்கிறேன், கேளுங்க. சுசி சுசாந்தி. ஆலன் புடிகுசுமா. பசுக்கி சஹாயா புர்னாமா.

கேட்டதும் என்ன தோணுது? சுசாந்தியில் நம்ம தெரு சாந்தி இருக்காங்க. புடிகுசுமா என்றால் புத்தியும் குசுமமும். சஹாயா என்ற சொல் 'சாயா'விலிருந்து போனது, புர்னாமா நம்ம பூர்ணிமாவேதான். எங்கேயோ கும்பகோணம் பக்கத்தில் பெயர் வைத்த மாதிரி இருக்கு இல்லையா?

மூன்று பேரும் இந்தோனேசியர்கள். மூன்று பேரும் சீன வம்சாவளி.

பேட்மின்டன் பார்க்கிறவர்களுக்கு முதல் இரண்டு பேரைத் தெரிந்திருக்கும். 1992, பார்சிலோனா. ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் சுசி சுசாந்தியுடையது. அதே நாளில் ஆண்கள் ஒற்றையரில் ஆலன் தங்கம் வாங்கினார். இரண்டு பேரும் பிறகு கல்யாணமும் செய்துகொண்டார்கள். மேடையில் கொடி ஏறும்போது சுசி அழுகிற வீடியோவை இன்றைக்கும் இந்தோனேசியர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த நாட்டின் பெருமைமிக்க காட்சிகளில் அது ஒன்று.

இவர்களுக்கு ஏன் இப்படி ஒரு பெயர்? அதுதான் இன்றைய கதை. 'ஒரு ஊருக்குப் போனா அந்த ஊர்க்காரன் மாதிரி ஆயிடணும்' என்று நாம் ரொம்ப சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதைச் சட்டம் போட்டுச் செய்து பார்த்த ஒரு நாட்டில், சொன்னபடி செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கலாம்.

1965க்குப் போவோம். ஜகார்த்தாவில் ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி. பழி கம்யூனிஸ்ட் கட்சி மேல் விழுகிறது. நாடு முழுக்கப் படுகொலைகள். கம்யூனிசம் என்றால் பீஜிங், பீஜிங் என்றால் சீனர்கள் என்று ஒரு கணக்கு. ஜெனரல் சுஹார்த்தோ மேலே வருகிறார். 1966இல் சீனமொழிப் பள்ளிகள் மூடப்படுகின்றன. அந்த ஆண்டு டிசம்பரில் அரசு ஒரு முடிவு எடுக்கிறது: சீனப் பெயர் வைத்திருக்கும் குடிமக்கள் அதை மாற்றிக்கொள்ள ஒரு சுலபமான நடைமுறை. அடுத்த ஆண்டு அதிபரின் இன்னொரு உத்தரவு: சீன வழிபாடும் பழக்கவழக்கமும் வீட்டுக்குள்ளே இருக்கட்டும், தெருவுக்கு வரக்கூடாது. சிங்க நடனம் போச்சு, புத்தாண்டு ஊர்வலம் போச்சு. கடை போர்டில் சீன எழுத்து இருக்கக்கூடாது. சீனமொழியில் பத்திரிகை என்று மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் அரசாங்கமே நடத்தியது.

பெயர் மாற்றம் காகிதத்தில் கட்டாயம் இல்லை, இதைக் கவனிக்கணும். 'விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம்' என்றுதான் எழுதியிருந்தது. ஆனா அக்கம்பக்கத்தில் அவ்வளவு ரத்தம் ஓடியிருக்கும்போது அரசாங்கம் 'விரும்பினால்' என்று சொன்னால், அதை எப்படிப் படிக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். லட்சக்கணக்கில் மாற்றினார்கள்.

மாற்றிய விதம் இருக்கே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பழைய குடும்பப் பெயரை முழுசாகத் தூக்கிப்போட மனசு வரலை. அதனால் புதுப் பெயருக்குள் ஒளித்து வைத்தார்கள். 'லிம்' குடும்பம் 'சலீம்' ஆச்சு, 'ஹலீம்' ஆச்சு. உள்ளே 'லிம்' இருக்கா? இருக்கு. 'தான்' குடும்பம் 'தனோதோ', 'தனுவிஜயா' என்று போனது. 'ஊய்' குடும்பத்தில் நிறையப் பேர் 'விஜயா'. அரசாங்கப் பதிவேட்டில் சம்ஸ்கிருதம், அரபு, ஜாவானியம். வீட்டுக்குள் அதே பழைய எழுத்து.

நான் வேலை பார்க்கிற கம்பெனியில் ஜகார்த்தா டீமில் ஒரு அக்கா இருக்காங்க. சொந்த ஊர் சுரபாயா. அவங்க தாத்தாவோட கூடப் பிறந்தவங்க மூணு பேர். நாலு பேரும் நாலு வெவ்வேறு நாளில், நாலு வெவ்வேறு ஆபீசில் பெயர் மாற்றப் போனார்களாம். ஒருத்தருக்கொருத்தர் பேசி வைத்துக்கொள்ளவில்லை. இப்போ ஒரே ரத்தம், நாலு குடும்பப் பெயர். 'கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தா நாங்க சொந்தம்னே யாருக்கும் தெரியாது' என்று சிரித்துக்கொண்டே சொன்னாங்க. அவங்களுக்கே மூணு பெயர். ஆபீஸ் அடையாள அட்டையில் ஒன்று, சர்ச்சில் ஒன்று, பாட்டி மட்டும் கூப்பிட்ட ஒன்று. பாட்டி போன பிறகு மூணாவது பெயரைக் கூப்பிட ஆளே இல்லை.

இந்த இடத்தில் 'நாங்களும்தான் காபிக் கடையில் பெயரைச் சுருக்கிச் சொல்றோம், வெளிநாட்டு ஆபீசில் வெங்கடசுப்பிரமணியன் வெங்கட் ஆயிடறான், அதுக்கென்ன' என்று உங்களுக்குத் தோன்றலாம். வெங்கட் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் மறுபடி வெங்கடசுப்பிரமணியன். பாஸ்போர்ட்டில் அவன் பெயர் பத்திரமாக இருக்கு. அதை இதோடு சேர்க்க முடியாது.

சரி, பெயர் மாற்றச் சொன்னது யாரிடம் என்று பார்த்தால்தான் இதன் அபத்தம் புரியும். ஏதோ நேற்று கப்பலில் வந்து இறங்கினவங்க இல்லை. ஜாவா கரையோர ஊர்களில் பல நூறு வருஷமாக இருக்கிற குடும்பங்கள். 'பெரானாக்கான்' என்று சொல்வார்கள். வந்த ஆண்கள் அங்கேயே பெண் எடுத்து, பிள்ளை பெற்று, மலாயும் ஜாவானிய மொழியும் பேசி வளர்ந்த கூட்டம். அவர்களில் பெரும்பாலானோருக்குச் சீன எழுத்து படிக்கவே தெரியாது.

சின் போ என்று ஒரு பத்திரிகை. பெரானாக்கான் சீனர்கள் மலாய் மொழியில் நடத்தியது. அதில் நிருபராக இருந்தவர் சுப்ரத்மான் என்ற இளைஞர். இந்தோனேசியாவின் தேசிய கீதத்தை எழுதியவர் அவர்தான். அந்தப் பாட்டின் வரிகள் முதன்முதலில் அச்சானது அதே சின் போவில், 1928இல். அந்த ஆண்டு அக்டோபரில் 'ஒரே நாடு, ஒரே இனம், ஒரே மொழி' என்று இளைஞர்கள் உறுதிமொழி எடுத்த மாநாடு நடந்தது இல்லையா, அதன் கடைசி அமர்வு நடந்த வீட்டின் சொந்தக்காரர் சீ கோக் லியோங். பெயரைக் கேட்டாலே தெரியும். 'நீங்க இந்த நாட்டுக்காரங்களா' என்ற கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சாப்பாடும் அப்படித்தான். லொன்தோங் சாப் கோ மே என்று ஒரு ஐட்டம். சீனப் புத்தாண்டு முடிந்து பதினைந்தாம் நாள் ராத்திரி சாப்பிடுவது. 'சாப் கோ மே' என்றால் ஹொக்கியன் மொழியில் பதினைந்தாம் இரவு. தட்டில் என்ன இருக்கும் தெரியுமா? வாழையிலையில் சுற்றி வேகவைத்த சாதக்கட்டி, தேங்காய்ப்பால் ஊற்றிய கோழிக் குழம்பு, இன்னொரு தேங்காய்ப்பால் காய்கறிக் குழம்பு, சம்பல், முட்டை. எல்லாமே ஜாவா சமையல். சீனாவில் போய்க் கேட்டால் என்னன்னே தெரியாது. யாரும் உத்தரவு போடாமல், யாரும் பாரம் நிரப்பாமல், பக்கத்து வீட்டு அடுப்பைப் பார்த்து உண்டானது. இப்படிக் கலக்க நூற்றாண்டுகள் ஆகும், சுஹார்த்தோ அரசுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

சீன சமூகத்துக்குள்ளேயே இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது, அதையும் சொல்லணும். அறுபதுகளின் தொடக்கத்திலேயே. ஒரு கூட்டம் 'முழுசாகக் கரைந்துவிடுவோம். பெயரை மாற்றுவோம், கலப்புத் திருமணம் செய்வோம். அடையாளம் இருக்கிற வரை அடி விழும்' என்றது. இன்னொரு கூட்டம் 'இந்தோனேசியாவில் ஜாவானியர், பதாக், மினாங் என்று இத்தனை இனம் இருக்கு, நாங்களும் அதில் ஒரு இனம். எதுக்குக் கரையணும்?' என்றது. யாப் தியாம் ஹியென் என்ற வக்கீல் இந்த இரண்டுக்கும் வெளியே நின்றார். 'பிரச்சினை எங்கள் பெயரில் இல்லை, சட்டம் எல்லாருக்கும் சமமாக நடக்கிறதா என்பதில் இருக்கு' என்பது அவர் கட்சி. கடைசி வரை பெயரை மாற்றவில்லை. பின்னாளில் நாட்டின் பெரிய மனித உரிமை வழக்கறிஞராக மதிக்கப்பட்டார், அவர் பெயரிலேயே ஒரு விருது கொடுக்கிறார்கள்.

ஒரே வீட்டில் இரண்டு முடிவும் நடந்தது. சோ ஹோக் கீ, சோ ஹோக் ஜின், அண்ணன் தம்பி. இருவருமே அறிவுஜீவிகள், மாணவர் இயக்கத்து ஆட்கள். அண்ணன் பெயரை மாற்றி அரீஃப் புதிமான் ஆனார். தம்பி கீ மாற்றவில்லை. வேடிக்கை என்னவென்றால், கரைந்துவிட வேண்டும் என்ற பக்கத்தை ஆதரித்தவர் கீ. ஆனாலும் தன் பெயரில் கை வைக்கவில்லை. 1969 டிசம்பரில் செமேரு மலை ஏறப் போன இடத்தில், 27 வயது முடிய ஒரு நாள் இருக்கும்போது செத்துப்போனார். அவருடைய டைரி பிறகு புத்தகமாக வந்தது, 2005இல் 'கீ' என்றே படம் எடுத்தார்கள். இன்றைக்கும் அங்கே கல்லூரிப் பசங்க டீ-ஷர்ட்டில் இருக்கிற முகம் அது. மாற்றாத பெயரோடுதான்.

சரி. மாற்றியவர்களுக்கு என்ன கிடைத்தது?

ஒரு காகிதம். எஸ்.பி.கே.ஆர்.ஐ. என்று பெயர், குடியுரிமைச் சான்று. பாஸ்போர்ட் எடுக்கணுமா, காட்டு. கல்லூரியில் சேரணுமா, காட்டு. கல்யாணத்தைப் பதிவு செய்யணுமா, காட்டு. நடைமுறையில் இதை யாரிடம் கேட்டார்கள் என்றால், சீன வம்சாவளியினரிடம். அப்பா குடிமகன், தாத்தா குடிமகன், பிறந்தது இங்கே, பெயர் சுசாந்தி, ஆனாலும் காட்டு. ஜகார்த்தா அடையாள அட்டை எண்ணிலேயே அவர்களுக்கென்று தனிக் குறியீடு வைத்திருந்தார்கள். யோசித்துப் பாருங்க. சீனன் என்று தெரியக்கூடாது என்று பெயரை மாற்றச் சொன்னதும் அரசாங்கம். மாற்றின பிறகு அடையாளம் தெரியணுமே என்று எண்ணில் புள்ளி வைத்ததும் அதே அரசாங்கம்.

போகப்போக அந்தப் புதுப் பெயரே காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. முன்னால் ஒரு மேற்கத்தியப் பெயர், பின்னால் ஒரு நீளமான சம்ஸ்கிருதப் பெயர் என்றால், 'ஓ, சீனராக இருக்கும்' என்று ஜகார்த்தாவில் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். ஒளிந்துகொள்ளப் போட்ட சட்டையே யூனிஃபார்ம் ஆகிவிட்டது.

பேட்மின்டன் கோச் தோங் சின் ஃபூ கதை தெரியுமா? சுமத்ராவின் லாம்புங்கில் பிறந்தவர். 1959இல் கிராமப்புறங்களில் அந்நியர்கள் சில்லறை வியாபாரம் செய்யக்கூடாது என்று ஒரு விதி வந்து, அடுத்த வருஷம் சுமார் ஒரு லட்சம் சீனர்கள் கப்பலேறிச் சீனாவுக்குப் போனார்கள். தோங்கும் 1960இல் போனார். அங்கே பெரிய ஆட்டக்காரர் ஆனார். எண்பதுகளில் பிறந்த நாட்டுக்கே திரும்பி வந்து கோச்சாக உட்கார்ந்தார். ஆலன் புடிகுசுமா இவர் தயாரித்த ஆள். ஒலிம்பிக் தங்கம் எடுத்துக் கொடுத்த கோச் 'எனக்குக் குடியுரிமை கொடுங்க' என்று விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். 1998இல் சீனாவுக்கே திரும்பிப் போனார். அங்கே அவர் கையில் வந்தவர்களில் ஒரு பையன் பெயர் லின் டான். அதுக்கப்புறம் இந்தோனேசியர்கள் லின் டானிடம் எத்தனை தடவை தோற்றார்கள் என்று ரசிகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1998 என்று சொன்னேன் இல்லையா. அந்த வருஷம் மே மாதம். ஆசிய நிதி நெருக்கடியில் ரூபியா சரிந்து, விலைவாசி ஏறி, சுஹார்த்தோவின் நாற்காலி ஆடுகிறது. கோபம் சீனர்கள் பக்கம் திரும்பியது. அதற்கு ஒரு பின்னணி இருக்கு: சலீம் மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய சில கோடீஸ்வரர்களை சுஹார்த்தோ பக்கத்திலேயே வைத்திருந்தார். அரசு வேலையும் ராணுவமும் மற்ற சீனர்களுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தன, அவர்களுக்கு இருந்தது கடை. தெருவில் பார்க்கிறவர்களுக்குக் கடைதான் தெரியும், கோடீஸ்வரனும் கடைக்காரனும் ஒண்ணாகத்தான் தெரிவார்கள். ஜகார்த்தா, சோலோ, மேடான். கடைகள் எரிந்தன. ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள், அதில் பெரும்பாலோர் எரிகிற மால்களுக்குள் மாட்டிக்கொண்ட ஏழை உள்ளூர்க்காரர்கள். சீனப் பெண்கள் குறிவைத்துப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அரசே அமைத்த உண்மை அறியும் குழு அதை விசாரித்துப் பதிவு செய்திருக்கிறது. அந்த வழக்குகளில் இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை.

அந்த மூன்று நாளில் மக்கள் கடைக் கதவில் அவசர அவசரமாக ஒரு வாசகம் எழுதினார்கள். 'ப்ரிபூமிக்குச் சொந்தமானது' என்று. ப்ரிபூமி என்றால் மண்ணின் மைந்தர். அந்தச் சொல்லிலும் நம்ம 'பூமி' இருக்கு பாருங்க. வன்முறைக் கும்பல் பெயர்ப் பலகையைப் படித்து, 'இவர் விஜயா, இவர் ஹார்டோனோ, விட்டுடலாம்' என்று போகவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் பெயரைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பெயர் யாரையும் காப்பாற்றவில்லை.

அதே மாதத்தில் இந்தோனேசிய அணி ஹாங்காங்கில் தாமஸ் கோப்பை, ஊபர் கோப்பை ஆடிக்கொண்டிருந்தது. சுசி உட்பட. ஊரில் வீடு என்ன ஆச்சோ, அம்மா அப்பா எங்கே இருக்காங்களோ என்ற பயத்தோடு, அந்த நாட்டுக் கொடி போட்ட ஜெர்சியில் ஆடினார்கள். ஆண்கள் அணி கோப்பையை ஜெயித்தது. 2019இல் சுசி பற்றி ஒரு படம் வந்தது, பாருங்க.

சுஹார்த்தோ போன பிறகு வேகமாக மாறியது. 2000இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித், குஸ் துர் என்று செல்லமாகக் கூப்பிடுவாங்க, அந்த 1967 உத்தரவை ரத்து செய்தார். அவர் ஒரு இஸ்லாமிய மார்க்க அறிஞர், இதை அழுத்திச் சொல்கிறேன். சிங்க நடனம் தெருவுக்கு வந்தது. அதே வருஷம் டிவியில் மாண்டரின் செய்தி வந்தது. மேகாவதி காலத்தில் சீனப் புத்தாண்டு தேசிய விடுமுறை ஆனது.

ஆனா அந்தக் காகிதம்? 1996லேயே 'இனி கேட்கவேண்டாம்' என்று உத்தரவு வந்தாச்சு. கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். ஹெந்த்ராவான் என்று ஒரு ஆட்டக்காரர், இவரும் தோங் சின் ஃபூவின் மாணவர். 2000 சிட்னியில் வெள்ளி, 2001இல் உலக சாம்பியன். 2002இல் உலக சாம்பியனுக்கே குடியுரிமைச் சான்றில் சிக்கல். அதிபர் மேகாவதி தலையிட்ட பிறகுதான் தீர்ந்தது. அதே வருஷம் தாமஸ் கோப்பை, இறுதிப்போட்டி மலேசியாவோடு, 2-2. கடைசி ஆட்டத்துக்கு இறங்கியவர் ஹெந்த்ராவான். ஜெயித்தார், கோப்பை வந்தது. போட்டி நடந்த ஊர் சீனாவின் குவாங்ஜோ. சீனாவில் போய் இந்தோனேசியாவுக்குக் கோப்பை ஜெயித்துக் கொடுத்தவரிடம்தான் 'நீ இந்தோனேசியனா' என்று கேட்டார்கள்.

2006இல் ஒரு புதுக் குடியுரிமைச் சட்டம் வந்தது. பிறப்பிலேயே குடிமகனாக இருந்து, தானாக வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவர் எல்லாருமே அசல் இந்தோனேசியர் என்று எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் நடந்த உருப்படியான காரியம் இதுதான். யாருடைய பெயரையும் சாப்பாட்டையும் தொடாமல் ஒரு வரியைத் திருத்தினார்கள். யாப் தியாம் ஹியென் அறுபதுகளில் கேட்டதற்குப் பக்கத்தில் வருவது இது. அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இதோடு எல்லாம் சரியாப்போச்சு என்று சொல்லமாட்டேன். முதலில் சொன்ன மூன்றாவது பெயர், பசுக்கி சஹாயா புர்னாமா. 'அஹோக்' என்றால் எல்லாருக்கும் தெரியும். 2014இல் ஜகார்த்தா ஆளுநர் ஆனவர். ஒரு பேச்சில் குர்ஆன் வசனத்தைக் குறிப்பிட்டதற்காக மத அவமதிப்பு வழக்கு, பெரிய பெரிய பேரணிகள், 2017இல் தோல்வி, பிறகு இரண்டு வருஷம் சிறைத் தண்டனை. அவரைத் தோற்கடித்து வந்தவர் அனீஸ் பஸ்வெதான். பதவியேற்ற அன்று பேசிய பேச்சில் 'ப்ரிபூமி' என்ற சொல்லைப் பயன்படுத்தி சர்ச்சையில் மாட்டினார். அரசு ஆவணங்களில் வேண்டாம் என்று 1998லேயே ஒதுக்கிய சொல் அது. அனீஸின் முன்னோர்கள் யேமன்காரர்கள். அரபு வம்சாவளியினரிடம் யாரும் பெயரை மாற்றச் சொல்லவில்லை, பஸ்வெதான் இன்றும் பஸ்வெதான்தான். வந்தேறி யார், மண்ணின் மைந்தர் யார் என்பதை எந்தக் கப்பலில் எப்போது வந்தார்கள் என்பது முடிவு செய்வதில்லை போல.

நம்ம ஆட்களும் அங்கே இருக்காங்க. மேடானில் புகையிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள், 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில். அந்தப் பகுதியை ஊர் ரொம்ப காலம் 'கம்போங் கெலிங்' என்றது. கெலிங் என்பது நம்மைக் குறிக்கும் மட்டமான சொல். இப்போ கம்போங் மெட்ராஸ். அது தனி எபிசோடுக்கான விஷயம்.

சுரபாயா அக்காவிடம் ஒருநாள் கேட்டேன், 'சட்டம் மாறிடுச்சே, பழைய குடும்பப் பெயருக்கே திரும்பலாமே?' இல்லைன்னுட்டாங்க. 'என் டிகிரி இந்தப் பெயரில் இருக்கு, வீட்டு லோன் இந்தப் பெயரில் இருக்கு, என் அப்பா என்னைக் கூப்பிட்டது இந்தப் பெயரில். இதுவும் என் பெயர்தான்.' மாண்டரின் மட்டும் ஆன்லைனில் கத்துக்கிறாங்க, வேலைக்காக. தாத்தா கல்லறையில் இருக்கிற எழுத்தைப் படிக்க முடிஞ்சுதான்னு கேட்டேன். பாதி படிச்சாங்களாம். மீதி ஹொக்கியன் உச்சரிப்பு, ஆப்பில் அது இல்லை.

உங்க வீட்டில், உங்க சொந்தத்தில், வேற ஊருக்கோ நாட்டுக்கோ போய்ப் பெயரை மாற்றினவங்க யாராவது இருந்தா, பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் போட்டு எங்களுக்கு எழுதுங்க. ஏன் மாற்றினாங்க என்று அவங்ககிட்டயே கேட்டு எழுதினா இன்னும் நல்லது. மேடான் எபிசோடில் சிலதைப் படிக்கிறேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.